கத்தியிலிருந்து மாத்திரைக்கு: ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளின் கதை

வெயிலில் நெடுநேரம் கிடந்த சூரை மீனையோ அயிலையையோ வாங்கிக் குழம்பு வைத்து உண்டவர்களுக்குச் சில வேளைகளில் ஒரு தொல்லை நேர்வதுண்டு. உண்ட சிறிது நேரத்திற்குள் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடலெங்கும் தடிப்புகள் எழுந்து அரிக்கும். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உள்ளவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி, கடையில் ஒரு மாத்திரையை வாங்கி விழுங்குவார்கள். சற்று நேரத்தில் அரிப்பு அடங்கிவிடும்.

இப்போது வேறொரு நோயைப் பாருங்கள். ஒருவருக்குப் பசி வேளையில் மேல்வயிற்றில் எரிச்சலும் வலியும் வருகின்றன. சிறிது சோறு உண்டால் வலி தணிகிறது. இரவு இரண்டு மணிக்கு மீண்டும் வலி எழுப்பிவிடுகிறது. ஆண்டுக் கணக்கில் இப்படியே தொடர்ந்து, கடைசியில் உண்டதெல்லாம் வாந்தியாகிறது. இது குடற்புண்.

தோலில் எழும் தடிப்புக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். இரண்டிலும் வேலை செய்வது ஒரே சிறிய வேதிப்பொருள்தான். அதன் பெயர் ஹிஸ்டமின். அதை அடக்கும் மருந்துகளின் கதையில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் ஓர் இடம் உண்டு. அந்தக் கதையையும், அம்மருந்துகளால் எது முடியும், எது முடியாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஹிஸ்டமின் என்பது என்ன?

1907-ஆம் ஆண்டில் விண்டாஸ், ஃபோக்ட் என்னும் ஜெர்மானிய வேதியியலர்கள் ஹிஸ்டமினைச் சோதனைச் சாலையில் தயாரித்தனர். அப்போது அதன் பயன் என்னவென்று யாருக்கும் தெரியாது. 1910-இல் இங்கிலாந்தில் ஹென்றி டேல், லெய்ட்லா ஆகியோர் அதை விலங்குகளின் உடலில் செலுத்திப் பார்த்தனர். இரத்தக் குழாய்கள் விரிந்தன. இரத்த அழுத்தம் தாழ்ந்தது. மூச்சுக் குழல்கள் சுருங்கின. 1927-இல் டேலும் அவருடைய தோழர்களும் ஈரல், நுரையீரல் ஆகியவற்றிலிருந்தே இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். ஆகவே ஹிஸ்டமின் வெளியிலிருந்து வரும் நஞ்சு அன்று. நம் உடலே செய்து வைத்துக்கொண்டிருக்கும் பொருள் என்பது உறுதியாயிற்று.

நம் தோலிலும் மூக்கிலும் நுரையீரலிலும் உள்ள 'மாஸ்ட்' செல்கள் ஹிஸ்டமினைச் சிறு சிறு மணிகளாகச் சேமித்து வைத்திருக்கின்றன. ஒவ்வாத பொருள் ஒன்று உடலில் நுழைந்ததும் அந்த மணிகள் வெடித்து, ஹிஸ்டமின் வெளியே கொட்டுகிறது. அதன் விளைவாக நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது. தோலில் அது காணாக்கடியாகத் தோன்றுகிறது; மூக்கில் தும்மலும் நீர்வடிதலும் ஆகிறது.

கெட்ட சூரை மீனின் செய்தி சற்று வேறு. அங்கே ஹிஸ்டமினைச் செய்வது நம் உடல் அன்று, பாக்டீரியாக்கள். சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. மீனை உடனே பனிக்கட்டியில் வைக்காவிட்டால் பாக்டீரியாக்கள் பெருகி அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. ஒருமுறை உண்டாகிவிட்ட ஹிஸ்டமின் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. புளியும் மிளகாயும் அதை நீக்கமாட்டா. ஆகவே இத்தகைய தொல்லை எல்லா வேளையிலும் 'மீன் ஒவ்வாமை' ஆகாது. மீன் அன்று; அதைப் பாதுகாக்காமல் விட்டதே குற்றம்.

முதல் மாத்திரைகள்

ஒரு பொருள் தீமை செய்கிறது என்றால் அதைத் தடுக்கும் பொருளைத் தேடுவது இயல்பு. 1937-இல் பாரிசின் பாஸ்டர் நிலையத்தில் டேனியல் போவே, ஆன்-மேரி ஸ்டாப் ஆகிய இருவரும் ஹிஸ்டமினின் செயலைத் தடுக்கும் முதல் பொருளைக் கண்டனர். அது மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சுத்தன்மை உடையதாக இருந்தது. 1942-இல் ஹால்பெர்ன் என்பவர் அறிவித்த 'ஆன்டெர்கன்' என்பதே நோயாளிகளுக்குப் பயன்பட்ட முதல் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து. அடுத்த சில ஆண்டுகளுக்குள் மெபிரமின், டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தசின், ஃபெனிரமின், குளோர்ஃபெனிரமின் என்று ஒரு வரிசையே வந்துவிட்டது. இவற்றுள் ஃபெனிரமின் 'ஏவில்' என்ற பெயரில் நம் ஊர் மக்களுக்கு நன்கு அறிமுகமானது. போவேக்கு 1957-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இம்மருந்துகள் ஹிஸ்டமினை அழிப்பதில்லை என்பதை நினைவில் வைக்கவேண்டும். செல்லின் மேற்பரப்பில் ஹிஸ்டமின் பொருந்தும் இடங்கள் உள்ளன. அவற்றை ஏற்பிகள் என்பர். பூட்டுக்குள் சாவி நுழைவதுபோல் ஹிஸ்டமின் ஏற்பியில் நுழைந்தால்தான் வேலை நடக்கும். மருந்தோ, அதே துளைக்குள் புகுந்து திரும்பாமல் நிற்கும் போலிச் சாவியைப் போன்றது. துளை அடைபட்டிருக்கும் வரை உண்மைச் சாவி நுழைய முடியாது.

ஆனால் ஒரு புதிர் எஞ்சியிருந்தது. ஹிஸ்டமின் இரைப்பையில் அமிலத்தைச் சுரக்கச் செய்கிறது என்று போலந்து நாட்டு அறிஞர் பொப்பீல்ஸ்கி 1920-இலேயே வெளியிட்டிருந்தார். அப்படியானால் அரிப்பை அடக்கும் மாத்திரை வயிற்று அமிலத்தையும் அடக்கவேண்டும் அல்லவா? அடக்கவில்லை. எத்தனை மாத்திரை கொடுத்தாலும் அமிலம் சுரந்துகொண்டே இருந்தது. இந்தப் புதிர் நெடுங்காலம் விடுபடாமல் இருந்தது. அவ்வளவு காலமும் குடற்புண் நோயாளிகளுக்குக் கத்தியே கதியாக இருந்தது. அதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை.

நெய்யூரில் ஒரு மலையேறி

நாஞ்சில் நாட்டின் மேற்கெல்லையைத் தாண்டினால் கல்குளம் வட்டம். அங்கே நெய்யூரில் லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி 1838-இல் தொடங்கியது. அப்போது இப்பகுதி திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1-இல்தான் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தது.

1922-இல் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற பிரிட்டிஷ் குழுவில் ஹோவர்ட் சோமர்வெல் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்தவர் நெய்யூருக்கும் வந்தார். அங்கே காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தையும், அதைச் சமாளிக்க முடியாமல் திணறிய மருத்துவமனையையும் கண்டு, லண்டனில் தமக்குக் காத்திருந்த வாழ்வை விட்டுவிட்டு 1923-இல் நெய்யூர் மருத்துவரானார். 1924-இல் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்று ஆக்சிஜன் உதவியின்றி ஏறத்தாழ 28,000 அடி உயரம் வரை ஏறியவரும் இவரே. ஆனால் அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டது மலையில் அன்று. நெய்யூர் அறுவை அறையில்தான்.

அந்த அறைக்கு வந்தவர்களுள் குடற்புண் நோயாளிகள் மிகப் பலர். இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலில் புண் உண்டாகி, ஆறி, மீண்டும் உண்டாகி, தழும்பு இறுகிப் பாதையே அடைபட்ட நிலையில் அவர்கள் வந்தனர். உண்ட உணவு கீழே இறங்க வழியில்லை. சோமர்வெல்லும் அவருடைய தோழர் ஆர் என்பவரும் இரைப்பையைச் சிறுகுடலின் அடுத்த பகுதியோடு நேராக இணைத்துத் தைத்தனர். அடைபட்ட பாதைக்குப் பக்கத்தில் ஒரு மாற்றுப் பாதை வெட்டுவது போன்றது இது. மயக்க மருந்தும் இரத்தம் ஏற்றும் வசதியும் இன்றுபோல் வளராத காலத்தில் நூற்றுக்கணக்கான அறுவைகள் நடந்தன. புண் மீண்டும் வராமல் தடுக்க, இரைப்பைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைக் கட்டி அமிலச் சுரப்பைக் குறைக்கும் முறை ஒன்றையும் சோமர்வெல் கையாண்டு, 1940-களில் அதைப்பற்றி எழுதினார்.

அறுவையோடு அவர்கள் நிற்கவில்லை. இவ்வளவு பேருக்கு இந்நோய் ஏன் வருகிறது என்றும் கேட்டனர். அக்காலத்தில் தெற்குத் திருவிதாங்கூர் ஏழைகளின் வயிற்றை நிரப்பியது பெரும்பாலும் மரச்சீனிக் கிழங்கும், சிறிது மீனும், மிளகாயும்தான். குன்னூர் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெக்காரிசன் இதைச் சோதித்தார். திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை நெடுநாள் உண்ட எலிகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றுக்கு இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் கண்டது. சென்னை மாகாண ஏழைகளின் உணவை உண்டவற்றில் அது குறைவு. கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய பஞ்சாபியர் உணவை உண்ட எலிகளுக்குப் புண்ணே இல்லை. நோய்க்கு உணவு ஒரு காரணம் என்ற எண்ணம் இவ்வாறு வலுப்பெற்றது.

சோமர்வெல் பின்னர் 1949 முதல் 1961 வரை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்தார். 1975-இல் மறைந்தார். அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் கத்தியால் எதிர்த்த அமிலத்தை அடக்கும் மாத்திரை, அதற்கு அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது.

இரண்டாவது பூட்டு

அந்த மாத்திரையின் பெயர் சிமெடிடின். அதைக் கண்டவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக். அவர் 1964-இல் இங்கிலாந்தின் வெல்வின் நகரில் இருந்த ஸ்மித் கிளைன் அண்டு பிரெஞ்சு மருந்து நிறுவனத்தில் இவ்வேலையைத் தொடங்கினார். அவருடைய எண்ணம் எளியது. அரிப்பு மாத்திரை வயிற்றில் பலிக்காததற்குக் காரணம், வயிற்றில் இருப்பது வேறு பூட்டு என்பதே. 1966-இல் ஆஷ், ஷில்ட் என்போரும் ஹிஸ்டமின் ஏற்பிகள் ஒரே வகையின அல்ல என்று எடுத்துக்காட்டினர். மூக்கிலும் தோலிலும் உள்ளதை எச்-1 என்றும், இரைப்பையில் அமிலம் சுரக்கும் செல்களில் உள்ளதை எச்-2 என்றும் இன்று அழைக்கிறோம்.

எண்ணம் எளிது, செயல் எளிதன்று. ஹிஸ்டமினின் மூலக்கூறைச் சிறிது சிறிதாக மாற்றி, முதல் நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 200 பொருள்களைச் செய்து பார்த்தனர். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் புரிமமைட் என்னும் பொருள் எச்-2 பூட்டை அடைத்தது. 1972-இல் இதை உலகுக்கு அறிவித்தனர். ஆனால் வாய்வழி கொடுத்தால் அது போதிய அளவு உடலில் சேரவில்லை. அடுத்து வந்த மெட்டியமைட் நன்றாக வேலை செய்தது. எனினும் சில நோயாளிகளின் இரத்தத்தில் வெள்ளணுக்களைக் குறைத்துவிட்டது. அந்தக் குறையையும் நீக்கி எழுந்ததே சிமெடிடின். 1976-இல் அது பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. 1981-இல் ரானிடிடின் தொடர்ந்தது. பிளாக் 1988-இல் நோபெல் பரிசு பெற்றார்.

விளைவு பெரிது. புண் சில வாரங்களில் ஆறியது. அறுவை மேசையில் படுக்க வேண்டியிருந்தவர்கள் மாத்திரையோடு வீடு திரும்பினர். குடற்புண்ணுக்காகச் செய்யப்பட்ட திட்டமிட்ட அறுவைகள் உலகெங்கும் வேகமாகக் குறைந்தன. ஒரு மாத்திரை ஒரு அறுவை முறையையே ஓய்வுபெறச் செய்தது.

ஆறிய புண் திரும்பியது ஏன்?

ஆனால் மருந்தின் எல்லை விரைவில் தெரிந்தது. மாத்திரையை நிறுத்தியவர்களுள் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் புண் திரும்பி வந்தது. அமிலத்தை அடக்கினால் புண் ஆறுகிறது; விட்டால் மறுபடியும் வருகிறது. அப்படியானால் அமிலத்துக்குப் பின்னால் வேறொன்று இருந்து வேலை செய்கிறது என்றுதானே பொருள்?

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரென், பாரி மார்ஷல் ஆகிய இருவர் அதைக் கண்டனர். இரைப்பைச் சவ்வில் சுருண்ட வடிவமுள்ள பாக்டீரியா ஒன்று குடியிருப்பதை வாரென் கவனித்திருந்தார். 1982-இல் அதைத் தனியே வளர்த்தெடுத்தனர். அமிலத்தில் எந்தக் கிருமியும் உயிர்வாழாது என்று நம்பிய மருத்துவ உலகம் இதை ஏற்கத் தயங்கியது. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிகளைத் தாமே குடித்துத் தம் இரைப்பையில் அழற்சியை உண்டாக்கிக் காட்டினார். ஹெலிகோபாக்டர் பைலோரி எனப்படும் இக்கிருமியைக் கண்டதற்காக இருவருக்கும் 2005-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இன்று அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு எதிர் உயிர் மருந்துகளையும் சுமார் இரண்டு வாரம் கொடுத்துக் கிருமியை ஒழிக்கின்றனர். கிருமி ஒழிந்தால் புண் திரும்புவது அரிது.

அப்படியானால் சோமர்வெல்லும் மெக்காரிசனும் உணவைக் குற்றம் சொன்னது தவறா? அப்படி முடிவு கட்டிவிட முடியாது. இந்தியாவில் இக்கிருமி வடக்கிலும் தெற்கிலும் மிகப் பரவலாக உள்ளது. ஆயினும் குடற்புண், அரிசி உண்ணும் தெற்கில் மிகுதியாகவும் கோதுமை உண்ணும் வடமேற்கில் குறைவாகவும் இருந்து வந்ததை, மைசூரில் பணியாற்றிய டோவி என்னும் அறுவை மருத்துவர் எடுத்துக்காட்டினார். கிருமி உள்ளவர்கள் எல்லாருக்கும் புண் வருவதில்லை. புண் வரும் சிலர் யார் என்பதைத் தீர்மானிப்பதில் உணவுக்கும் புகைபிடித்தலுக்கும் பங்கு உண்டு. நெய்யூரில் எழுந்த கேள்வி இன்றும் உயிரோடுதான் இருக்கிறது.

எது முடியும், எது முடியாது?

இனி நாம் அன்றாடம் பயன்படுத்தும் மருந்துகளுக்கு வருவோம். எச்-1 மருந்துகள் காணாக்கடி, மூக்கு நீர்வடிதல், தும்மல், கண் அரிப்பு, பூச்சிக்கடி அரிப்பு, கெட்ட மீனால் வரும் தடிப்பு ஆகியவற்றில் நல்ல பலன் தருகின்றன. சில மருந்துகள் பேருந்துப் பயணத்தில் வரும் குமட்டலையும் தடுக்கின்றன.

ஆனால் அவற்றால் முடியாதவை எவை என்பதை அறிவது அதைவிடத் தேவையானது.

முதலாவது, உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. குளவி கொட்டியோ ஊசி மருந்தாலோ ஒருவருக்குத் தொண்டை இறுகி, மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் விழுந்தால் அங்கே ஏவில் காப்பாற்றாது. உடனே தொடைத் தசையில் அட்ரினலின் ஊசி போடவேண்டும். அடைபட்ட பூட்டு, முன்பே சுருங்கிய மூச்சுக் குழலைத் திறக்காது. விழுந்த இரத்த அழுத்தத்தைத் தூக்காது. அட்ரினலின்தான் அதைச் செய்யும். மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பே.

இரண்டாவது, ஆஸ்துமா. அதில் ஹிஸ்டமின் பல குற்றவாளிகளுள் ஒன்று மட்டுமே. ஆகவே எச்-1 மருந்து ஆஸ்துமாவுக்கு மருந்தாகாது.

மூன்றாவது, சளிக்காய்ச்சல். அது வைரஸ் நோய். பழைய எச்-1 மருந்துகள் மூக்கைச் சற்று உலரச் செய்யலாம், நோயைக் குணப்படுத்தா. சிறு குழந்தைகளுக்கு அவை தீங்கும் செய்யும். குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையை அச்சிடுமாறு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் ஆணையிட்டது.

நான்காவது, தூக்கம். பழைய மருந்துகள் மூளைக்குள் எளிதில் நுழைகின்றன. மூளையில் ஹிஸ்டமின் நம்மை விழித்திருக்கச் செய்யும் பொருள். அதைத் தடுத்தால் உறக்கம் வரும். மாத்திரை விழுங்கிவிட்டு வண்டி ஓட்டுவோரும், பனையிலோ தென்னையிலோ ஏறுவோரும், தோணியில் கடலுக்குச் செல்வோரும் இதை மறக்கக் கூடாது. செட்டிரிசின் போன்ற பிற்காலத்து மருந்துகளில் இக்குறை குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மது அருந்தியவருக்கு ஆபத்து இரட்டிப்பாகும். உறக்கம் தராத மருந்து என்று புகழ்பெற்ற டெர்ஃபெனடின், சில வேறு மருந்துகளோடு சேர்ந்தபோது இதயத் துடிப்பைக் குலைத்ததால் 1990-களின் இறுதியில் விலக்கப்பட்டதையும் நினைவில் கொள்க.

எச்-2 மருந்துகளுக்கும் எல்லைகள் உண்டு. சிமெடிடின் ஈரலின் நொதிகளைத் தடுத்து, இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து, வலிப்பு மருந்து முதலியவற்றின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும். ரானிடிடினில் புற்றுநோய் உண்டாக்கக் கூடிய ஒரு மாசு கண்டதால் 2020-இல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து நீக்கியது. இந்தியா 2022-இல் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்தது. ஃபேமோடிடின் இன்றும் பயன்படுகிறது. எனினும் கடுமையான புண்களுக்கு, அமிலச் சுரப்பின் கடைசிப் படியையே நிறுத்தும் ஒமிப்ரசோல் வகை மருந்துகளே இப்போது முன்னிற்கின்றன.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அமிலத்தை அடக்கும் மாத்திரை இரைப்பைப் புற்றுநோயின் வலியையும் சிறிது காலம் அடக்கிவிடும். நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வயிற்றுவலி வந்தவர், உடல் மெலிபவர், மலம் தார்போல் கறுத்துப் போகிறவர், உணவு விழுங்க முடியாதவர் ஆகியோர் கடையில் மாத்திரை வாங்கிக் காலம் கடத்தக் கூடாது. உள்நோக்கிக் கருவியால் இரைப்பையைப் பார்க்கச் செய்யவேண்டும். மூட்டு வலிக்காக நெடுநாள் வலி மாத்திரை உண்பவர்களுக்கு அம்மாத்திரைகளாலேயே புண் வரும். கிருமியைத் தேடுவதோடு அந்த மாத்திரையையும் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

வாசகர்களே! ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் இருபதாம் நூற்றாண்டின் பெரும் கொடைகளுள் அடங்கும் என்பதில் ஐயமில்லை. அரிப்பால் உறங்காத இரவுகளையும், கத்திக்கு அஞ்சிய வயிறுகளையும் அவை காத்தன. ஆனால் அவை செய்வது ஒரு துளையை அடைப்பது மட்டுமே. ஹிஸ்டமின் ஏன் கொட்டியது, அமிலம் ஏன் புண்ணாக்கியது என்ற கேள்விகளுக்கு அவை விடை சொல்வதில்லை. கெட்ட மீனுக்குப் பனிக்கட்டியும், மூச்சுத் திணறலுக்கு அட்ரினலினும், குடற்புண்ணுக்குக் கிருமிச் சோதனையும்தான் விடைகள். தொல்லை தணிந்ததும் காரணத்தை மறந்துவிடுவது மனித இயல்பு. அறுவைக்குப் பிறகும் "ஏன் வந்தது?" என்று கேட்ட நெய்யூர் மருத்துவர்களின் வழக்கத்தை, மாத்திரை விழுங்கிய பிறகு நாமும் கைக்கொள்ளலாம்.